அறுபத்திரண்டு மீட்டர்

என் மேசை இழுப்பறையில் நான்காக மடித்த ஒரு தாள் கிடக்கிறது. ஜெராக்ஸ் எடுத்த தாள்தான், ஆனால் எழுத்து என்னுடையது. ஒரு மூலையில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. மடிப்புகளில் செம்மண் ஏறி, எத்தனை முறை உதறினாலும் போகாமல் நிற்கிறது. ஸ்கேல் வைத்து நான் இழுத்த கோடுகள் நகலிலும் நேராகத் தெரிகின்றன: பொருள், இடம், தூரம், வெளிச்சம், லென்ஸ் நிலை, குறிப்பு, முடிவு. ஏழு கட்டங்கள். ஏழிலும் எழுதியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் 'ஏற்கலாம்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். "இத இன்னும் எதுக்கு வெச்சிக்கினு வயிறெரியறீங்க, கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாருங்க" என்று என் மனைவி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவளுக்குச் சொல்வது எளிது. இந்தத் தாளை நகல் எடுத்தவர் அவளுடைய தங்கையின் கணவர், என் சகலை.

சகலை என்கிற உறவு ஒரு வேடிக்கையான உறவு. அண்ணன் தம்பி மாதிரி சொத்துச் சண்டை கிடையாது, மாமன் மச்சான் மாதிரி மரியாதைக் கணக்கும் கிடையாது. ஒரே மாமியார் வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்து, யாருக்கு முதலில் வடை வைத்தார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சிரித்துப் பேசும் உறவு. நான் தேனிப் பக்கத்திலிருந்து ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து, கிருஷ்ணகிரியில் பெண் எடுத்தவன். இந்த ஊரில் எனக்கென்று ரத்த உறவு யாரும் இல்லை. எனக்கு அடுத்து அந்த வீட்டுக்கு மருமகனாக வந்த இவரை, தம்பி என்றும் நண்பன் என்றும் இரண்டுமாகவே வைத்திருந்தேன். கிருஷ்ணகிரியில் கல்யாண போட்டோ எடுப்பவர். கலகலப்பான ஆள். அவர் வந்தால் செத்த வீட்டில்கூட இரண்டு பேராவது சிரித்துவிடுவார்கள். அவரை 'அவர்' என்றுதான் இதில் எழுதப் போகிறேன். மனதுக்குள் வேறு மாதிரிதான் வருகிறது, அச்சில் வேண்டாம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தாளின் கதை புரியாது. வண்டிகளுக்கான உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக எனக்குப் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. என் வேலை அளப்பது, எழுதுவது. ஒரு பாகத்தை எவ்வளவு சரியாக அளந்தாலும், ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த ரிப்போர்ட் செல்லாது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பாகத்தைப் பார்க்கவே மாட்டார்கள், காலிக் கட்டத்தைத்தான் தேடுவார்கள். சேர்ந்த புதிதில் எந்த மேஜையில் வைத்து அளந்தேன் என்று எழுத மறந்ததற்காக, ஒரு பெட்டி நிறையப் பாகங்களைத் திரும்ப அளக்க வைத்தார்கள். அன்றோடு சரி. பேனாவைத் திறந்தால் எல்லாக் கட்டத்தையும் நிரப்பாமல் மூட என் கைக்குத் தெரியாது. பால்காரருக்கு எழுதி வைக்கும் சீட்டில்கூட நேரம் போடுகிறவன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம், சகலை பெங்களூரிலிருந்து ஒரு பெரிய டெலி லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். நூற்றைம்பதிலிருந்து அறுநூறு மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ். பெட்டியைத் திறந்து இரண்டு கையாலும் தூக்கிக் காட்டியபோது, என் மனைவி "என்னாது இது, ஃபிளாஸ்க்கா?" என்று கேட்டாள். சகலைக்கு அதைச் சொந்தமாக வாங்கும் ஆசை. கல்யாணத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மாடு விடுவது, விளையாட்டு, பறவை என்று வெளியே போக வேண்டும் என்பார். "சகல, நா பாத்தா எல்லாமே நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். நீங்க அளக்கற ஆளு. எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு நீங்க எழுதிக் குடுங்க. நீங்க சரின்னா வாங்கறன், வேணாம்னா விட்டுடறன்" என்றார். எனக்குக் கேமரா பைத்தியம் உண்டு என்பதும், அந்த மாதிரி லென்ஸை நான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. அன்றைக்கே உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கட்டம் இழுத்தேன்.

நான்கு வார இறுதிகள் அந்த லென்ஸோடு அலைந்தோம். முதலில் எங்கள் மொட்டை மாடி. கைப்பிடிச் சுவரில் ஒரு கேழ்வரகுப் பையைப் போட்டு, அதன்மேல் லென்ஸைப் படுக்க வைத்து, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எழுத்துகளை ஒவ்வொரு நிலையிலும் எடுத்தேன். நானூறு வரை எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி இருந்தது. அறுநூறில் கொஞ்சம் குழைந்தது. லென்ஸின் துவாரத்தை ஒரு படி சுருக்கியதும் சரியானது. காலை ஒன்பதரைக்கு மேல் எதுவும் சரியாகவில்லை. இடையில் இருந்த தகரக் கூரைகளிலிருந்து கிளம்பும் அனல் எழுத்துகளை நெளிய வைத்தது. தூரம் கூடக் கூட, கண்ணாடியைவிடக் காற்றுதான் படத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதைக் குறிப்பில் எழுதினேன்.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் எருது விடும் விழா. ஒரே புழுதி. கொம்பில் ஜிகினாத் தட்டி கட்டிய மாடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும்போது, லென்ஸ் மாட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவனின் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். பத்தில் ஆறு படம் தேறியது. ஒரு மாடு எங்கள் பக்கமே திரும்பிவிட்டபோது, அவ்வளவு பெரிய லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சகலை டிராக்டர் மேல் ஏறிய வேகத்தை நான் எதனாலும் அளந்திருக்க முடியாது. மேலே நின்றுகொண்டு, "சகல, கிட்ட வந்தா இந்த லென்ஸ் ஆகாதுன்னு எழுதிக்கோங்க!" என்று கத்தினார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஆனால் அன்று சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

மூன்றாவது ஒரு கல்யாண மண்டபம். உள்ளே வெளிச்சம் போதாமல் படமெல்லாம் ரவை கொட்டிய மாதிரி ஆனது. 'மண்டபத்துக்கு ஆகாது' என்று எழுதி முடித்துவிட்டேன். ஆனால் சகலை மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு படம் எடுத்திருந்தார். தாலி கட்டும் நேரத்தில், எல்லாரும் மேடையைப் பார்க்க, தூணுக்குப் பின்னால் பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுகிற அழுகை. படம் நன்றாக இருந்தது. எனக்கு ஏனோ அதைத் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த அம்மாவைக் கேட்டீர்களா என்றேன். "தூரத்துல இருந்து எடுத்தா யாருக்கும் தொந்தரவு இல்ல சகல" என்றார். அந்தப் பேச்சு அப்போதே எனக்குள் எங்கோ நெருடியது. நெருடியதை எழுத என் தாளில் கட்டம் இல்லை.

நான்காவது வாரம் அவருக்கு ஒரு கல்யாணம் இருந்ததால் லென்ஸை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். பறவைக்கான பரிசோதனை பாக்கி. பாரூர் ஏரிக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பேரிகைப் பக்கம் வண்டியை விட்டேன். அங்கே எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பறவை இருந்தது.

அதற்கு முந்தைய மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரிகைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் தக்காளி வாங்க நின்றேன். தோட்டக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். கணவர் ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போய்விட, தோட்டத்தைத் தனியாகவே பார்த்துக்கொள்பவர். என் தோளில் இருந்த கேமராவைப் பார்த்து, "குருவி எடுக்கறவங்களா அண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒண்ணு காட்டுவேன். யாருக்கும் சொல்லக் கூடாது" என்றார். தோட்டத்துக்குப் பின்னால் கைவிடப்பட்ட கல்குவாரி. அதன் சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு பாறைத் திட்டு. அதை மறைத்தபடி ஓர் உண்ணிச்செடிப் புதர். புதரின் நிழலில் ஒரு கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருந்தது. நெஞ்சுக்கடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. இரண்டு வருடமாக அது அங்கே குஞ்சு பொரிப்பதாகவும், தன் தோட்டத்தில் எலித் தொல்லையே இல்லை என்றும், கணவரிடம்கூடச் சொல்லவில்லை என்றும் சொன்னார். "ஊர்ல தெரிஞ்சா ஆகாத பறவைன்னு கல்லால அடிச்சிருவாங்க. மந்திரம் பண்றவங்க காதுல விழுந்தா உசுரோட புடிச்சினு போயிருவாங்க. உங்க புள்ள மேல சத்தியம் பண்ணுங்க அண்ணா."

பிள்ளை மேலெல்லாம் சத்தியம் செய்ய மாட்டேன் என்றேன். என் வார்த்தை போதும், வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் சொன்னேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "சரி, போதும்" என்றார்.

அந்தத் தோட்டத்துக்குத்தான் லென்ஸோடு போனேன். எவ்வளவு தூரத்தில் நின்றால் ஆந்தை தலையைத் திருப்பாமல் இருக்கிறது என்று முதலில் பார்த்தேன். நாற்பது மீட்டருக்குள் போனால் கொம்பு மாதிரி இருக்கும் காதுச் சிறகுகளைப் படுக்க வைத்து உடம்பை ஒடுக்குகிறது. பம்ப்செட் அறையின் கிழக்கு மூலையில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து பாறை வரை, கம்பெனியிலிருந்து கொண்டுபோன நீள டேப்பைப் பிடித்து அளந்தேன். பாறையடிக்கு நான் போகவில்லை, அதே தூரத்தில் பக்கவாட்டில் இருந்த வரப்பு வரைதான் அளந்தேன். தோட்டக்காரம்மா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறுபத்திரண்டு மீட்டர். அந்தத் தூரத்தில் அறுநூறு நிலையில் எடுத்தால், பறவை படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வருகிறது. முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் இறகுகள் களி மாதிரி குழைந்துவிடுகின்றன. இதையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து, தாளை முழங்கால் மேல் வைத்து எழுதினேன். பொருள்: கொம்பன் ஆந்தை, மூன்று குஞ்சுகளுடன். அடுத்த கட்டம் இடம். எழுதினேன். பேரிகையிலிருந்து எந்தப் பாதை, எந்த வளைவு, யார் தோட்டம், பம்ப்செட் அறையின் எந்த மூலை, எல்லாம். யாருக்கோ வழி காட்டுகிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கட்டம் இருந்தது, நிரப்பினேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன், வாயைத் திறக்கவே இல்லை.

அடுத்த நாள் சகலை லென்ஸை வாங்கிக்கொள்ள வந்தபோது படங்களைக் காட்டினேன். ஆந்தையைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. எங்கே என்று கேட்டார். சொல்ல முடியாது சகலை, வார்த்தை கொடுத்திருக்கிறேன் என்றேன். "அட, அப்பிடின்னா நா கேக்கவே இல்ல" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, பாருங்கள். நம் சகலை எவ்வளவு பெரிய மனுஷன் என்று. பிறகு எல்லாத் தாள்களையும் வரிசையாகக் கோத்து, ஒரு ஃபைலில் போட்டு, என் கையாலேயே அவர் கையில் கொடுத்தேன். பகல் வெளிச்சத்தில் தூரத்துப் பறவைக்கும் மாட்டுக்கும் வாங்கலாம், மண்டபத்துக்கு ஆகாது என்று மேலே ஒரு சுருக்கமும் எழுதியிருந்தேன். அவர் அந்த லென்ஸை வாங்கினார். குஞ்சுகள் பறக்கும் வரை பேரிகைப் பக்கம் வண்டியையே விடக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, நான் ஓசூரில் உட்கார்ந்திருந்தேன்.

சித்திரையில் சகலை கிருஷ்ணகிரியில் புது ஸ்டுடியோ திறந்தார். குடும்பம் மொத்தமும் கூடியிருந்தது. பூசணிக்காய் உடைத்து உள்ளே போனால், கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க அந்த ஆந்தை. முகமும் நெஞ்சும் மட்டும். ஏதோ ஒரு போட்டியில் பரிசு வாங்கிய படம் என்று கீழே எழுதி ஒட்டியிருந்தது. என் மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். "கட தெறக்கற அன்னிக்கு ஆந்த மூஞ்சியா? வேற சாமி படம் கெடைக்கலயா உனக்கு?" என்று சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் படத்துக்குக் கிட்டே போனேன். எங்கே எடுத்தது என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. இடது பக்கம் பாறையில் ஓடும் அந்த வெள்ளைக் கோட்டை நான் இரண்டு மணி நேரம் லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

ஓரமாகக் கூப்பிட்டேன். "சகல, இது எங்கிட்டு நின்னு எடுத்தீங்க?" என்றேன். ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "நீங்க நின்ன எடத்துலதான் சகல. பம்ப்செட்டுக்குப் பக்கத்துல. உங்க அளவுல இருந்து ஒரு அடி முன்னால வெக்கல. அப்பறம் வெட்டிப் பெருசு பண்ணன்." வாய் கூசாமல் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அந்த லென்ஸ் அந்த மூலையிலிருந்து அந்தப் பறவையை எவ்வளவு காட்டும் என்று அளந்து எழுதிக் கொடுத்தவனே நான்தான். வெட்டினால் களியாகும் இறகு, சுவரில் ஒவ்வொரு நூலாக எண்ணும்படி இருந்தது. பின்னால் இருந்த பாறை பஞ்சு மாதிரி கலங்கியிருந்தது. தூரத்திலிருந்து எடுத்தால் அது அப்படிக் கலங்காது. படத்தின் முன் நின்று கட்டை விரலை நீட்டிக் கணக்குப் போட்டேன். பத்து மீட்டர். கூடப் போனால் பன்னிரண்டு. அதற்கும் மேலே, அந்தப் பறவையின் காதுச் சிறகுகள் தலையோடு படுத்திருந்தன. கண்கள் இரண்டும் முழுசாகத் திறந்திருந்தன. வந்தவர்கள் எல்லாரும் "அப்பப்பா, என்னா பார்வை!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பயம் என்று அந்த அறையில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். தலைவலி என்று மனைவியிடம் சொன்னேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பேரிகைக்குப் போனேன். தோட்டக்காரம்மா செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வழக்கம்போல வாங்க என்று சொல்லவில்லை. நானே குவாரிப் பக்கம் பார்த்தேன். பாறைத் திட்டு மொட்டையாக இருந்தது. உண்ணிச்செடிப் புதரை அடியோடு வெட்டியிருந்தார்கள். காய்ந்துபோன கிளைகள் கீழே கிடந்தன.

அவர் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். "நாலு பேரு வந்தாங்க அண்ணா, ரெண்டு வண்டில. மொதல்ல நேரா வந்து பம்ப்செட்டு ரூமுகிட்டதான் நின்னாங்க. இங்க இருந்து சின்னதா தெரியுதுன்னு பேசிக்கினாங்க. அப்பறம் கிட்ட போயிட்டாங்க. செடி மறைக்குதுன்னு என்கிட்ட அரிவாள் கேட்டாங்க. வத்து வத்துன்னு சொன்னேன், வேணாம்னு கை எடுத்துக் கும்பிட்டேன். அளந்து பாத்த அண்ணன்தான் அனுப்பினாரு, இந்தா அவரு எழுதிக் குடுத்த காயிதம்னு காட்டினாங்க. எனக்குத் தமிழ் படிக்க வராது. ஆனா அன்னிக்கு வரப்புல உக்காந்து நீங்க எழுதின அதே காயிதம். நீங்களே அனுப்பியிருந்தா பறவைக்கு ஒண்ணும் ஆகாதபடிக்குத்தான் சொல்லியிருப்பீங்கன்னு, அரிவாளக் குடுத்தேன்."

செடி போனதும் பகல் முழுக்கப் பாறையில் வெயில். தாய் ஆந்தை பகலிலேயே பறந்துவிட, காக்கைகள் துரத்திக்கொண்டு போயிருக்கின்றன. இரண்டு நாள் கழித்துத் தோட்டக்காரம்மா போய்ப் பார்த்தபோது இரண்டு குஞ்சுகள் காய்ந்து கிடந்திருக்கின்றன. மூன்றாவது இல்லை. அவர் குடிசைக்குள் போய், மடித்த ஒரு தாளை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். அவர்கள் போகும்போது செடிகளுக்கு நடுவில் விழுந்ததாம். நான் வந்தால் கொடுப்பதற்காக வைத்திருந்தாராம். "நீங்க அனுப்பலயா அண்ணா?" என்று கேட்டார். இல்லம்மா என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதியது நான், கையெழுத்து நான், அனுப்பவில்லை என்று சொல்வதும் நான். எனக்கே என் பேச்சு பொய் மாதிரிக் கேட்டது.

அங்கிருந்து நேராக ஸ்டுடியோவுக்குத்தான் போனேன். கத்துவதற்காகவே போனேன், கத்தவும் செய்தேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டீர்கள் என்றேன். சகலை கதவைச் சாத்திவிட்டு, ஒரு டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "சகல, நா உங்களக் கேட்டனா? சொல்ல மாட்டன்னு சொன்னீங்க, விட்டுட்டன். அப்பறம் நீங்களேதான் எழுதிக் குடுத்தீங்க. வெளிய தெரியக் கூடாத விஷயத்த யாராச்சும் வழியோட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்களா? எனக்கு ஜாடையா சொல்றீங்கன்னுதான் நெனச்சன். கூட்டாளிங்க மூணு பேரு கேட்டாங்க, ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தன்." என் பெயரைச் சொல்லி அரிவாள் வாங்கினீர்களே என்றேன். டீ ஆறுகிறது என்று டம்ளரை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். "ஒரு ஆந்தைக்கா சகல இவ்ளோ கோவம்? ஊர்ல எல்லாரும் தொரத்தற பறவைய நா கடையில மாட்டி வெச்சிருக்கன்" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நினைக்க நினைக்க ஆறாதது எது தெரியுமா? இடத்தைத் தெரிந்துகொண்டு அவர் போனதைக்கூட, ஆசை யாரை விட்டது என்று ஒரு நாள் மன்னித்திருப்பேன். என் தவறும் அதில் பாதி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுபத்திரண்டு மீட்டர் என்று அடுத்த கட்டத்திலேயே எழுதியிருந்தேனே. நாற்பதுக்குள் போனால் பயப்படுகிறது, போகக் கூடாது என்று குறிப்பில் கோடு போட்டு எழுதியிருந்தேனே. ஏழு கட்டத்தில் தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் படித்துவிட்டு, மற்றதை விட்டுவிட்டார். போதாததற்கு, அந்தத் தாளையே காட்டி, என்னை நம்பியவரிடம் அரிவாளும் வாங்கிவிட்டார். தொழிற்சாலையில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாகங்கள் வெளியே போகின்றன. பதினெட்டு வருடமாக அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று நினைத்திருந்தேன். பேரிகையிலும் அதற்கு மதிப்பு இருந்திருக்கிறது. அதை வைத்துத்தான் புதரை வெட்டியிருக்கிறார்கள்.

சகலையோடு உறவு முறியவில்லை. அக்கா தங்கை இருவரும் தினம் போனில் பேசுகிறவர்கள். நாங்கள் முறித்துக்கொண்டு எங்கே போவது? காதுகுத்து, வளைகாப்பு, எல்லாவற்றிலும் பார்த்துக்கொள்கிறோம். "வாங்க சகல" என்கிறார், வந்துவிட்டேன் என்கிறேன். பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார வைக்கிறார்கள். போன ஆடியில் குடும்பப் படம் எடுக்க அந்த லென்ஸையே மாட்டிக்கொண்டு தூரத்தில் போய் நின்று, "சகல, கொஞ்சம் சிரிங்க" என்றார். அவ்வளவு தூரத்திலிருந்தும் என் முகத்தில் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த லென்ஸ் நானூறு நிலையில் எவ்வளவு துல்லியம் என்று சான்று கொடுத்தவனே நான்தானே.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் பேரிகைப் பக்கம் போகாமல் இருந்தேன். போன மாசியில் மனம் கேட்காமல் போனேன். கேமரா கொண்டு போகவில்லை. தோட்டத்தில் தக்காளி காய்த்துக் கிடந்தது. தோட்டக்காரம்மா எடை போட்டுக் கொடுத்தார், குடும்பத்தை விசாரித்தார், இரண்டு கைப்பிடி கூடுதலாகவும் அள்ளிப் போட்டார். பை நிறைந்த பிறகும் நான் நின்றேன். குவாரியின் பழைய திட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் தோட்டத்தின் மறுகோடியில், புது வேலிக்கு அப்பால் தெரிந்த கரட்டுக் குன்றில், ஒரு பாறையின் முகத்தில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கறை இருந்தது. பெரிய பறவை ஒன்று நாள்தோறும் வந்து உட்காரும் இடத்தில் அப்படித்தான் எச்சம் வழிந்திருக்கும். அந்தப் பக்கம் யாரும் போகாதபடி வரப்பில் முள் வெட்டிப் போட்டிருந்தார். முள் புதிது, இன்னும் பச்சை காயவில்லை.

"ஆந்தை திரும்ப வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார். "இல்லண்ணா" என்றார். "அது வரவே இல்ல."

நான் நம்பிவிட்டதாகத் தலையாட்டினேன். கரட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். அவர் அந்த முள்ளை ஊராருக்காக மட்டும் போடவில்லை என்பது பேரிகை தாண்டுவதற்குள் எனக்கு நன்றாகவே உறைத்தது. வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து இந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். இடம் என்ற கட்டத்தில், பாதை, வளைவு, தோட்டம், மூலை, எல்லாம் என் கையெழுத்தில் அப்படியே இருக்கின்றன. அங்கே இப்போது எதுவும் இல்லை. பறவை வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை அந்த அம்மா என்னிடம் சொல்லவில்லை.